மசாய் மாரா மலிவு சஃபாரி: என் 540 டாலர் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

நேற்று ராத்திரிதான் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகத்திலிருந்து தலைநகர் நைரோபிக்குத் திரும்பினேன். உடம்பெல்லாம் புழுதி, வயிறெல்லாம் எரிச்சல். ஆறப்போட்டால் எழுத மாட்டேன், அதனால் இப்போதே எழுதிவிடுகிறேன். 540 டாலர். மூன்று நாள், இரண்டு இரவு, நாலு பேரோடு சேர்ந்து போகும் வேன், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு, மூன்று நாளுக்கும் நுழைவுக் கட்டணம், எல்லாம் அடக்கம் என்று சொல்லி வாங்கிய 540 டாலர்.

ஏஜென்சியின் பெயரைப் போடப்போவதில்லை. நைரோபி நகருக்குள் மாடிப்படி ஏறிப்போனால் ஓர் அறை, சுவரில் பெரிய வரைபடம், மேசையில் சிங்கப் படம் போட்ட அட்டைகள். அந்த ரகத்தில் நிறைய உண்டு. அதில் ஒன்று.

பிப்ரவரியில் போனதே கணக்குப் பார்த்துத்தான். மாராவில் வெளிநாட்டுக்காரர்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை பிறந்தால் 200. 2024இல் இப்படி ஏற்றிவிட்டார்கள். வைல்ட்பீஸ்ட் என்கிற பெரிய மான்கள் கூட்டமாக ஆற்றைத் தாண்டுகிற காட்சி ஜூலைக்கு மேல்தான். அது எனக்கு வேண்டாம். சிங்கமும் சிவிங்கிப்புலியும் வருஷம் முழுக்க அங்கேயே இருப்பவை. ஆக, கட்டணம் 300 போக மீதி 240இல் வேன், தங்கல், சாப்பாடு. "ஆள் சேர்ந்தால் கட்டுப்படியாகும் பிரதர்" என்றார் அந்த ஏஜென்சி ஆள்.

நான் நம்பியது எந்த இடத்தில் என்று சொல்கிறேன். அவர் முழுப் பணத்தையும் வாங்கவில்லை. நான் எண்ணி வைத்ததில் பாதியை என் பக்கமே தள்ளிவிட்டு, "இப்போதைக்கு 270 போதும். காலையில் வேனைப் பாருங்கள், டிரைவரைப் பாருங்கள், பிடித்திருந்தால் மீதியைக் கொடுங்கள்" என்றார். இப்படிப் பேசினால் யாருக்குத்தான் நம்பிக்கை வராது? ரசீதில் தன் கைப்பட 'பூங்காக் கட்டணம் உட்பட' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். எத்தனை நாளுக்கு என்று கேட்டதற்கு, "மூன்று நாள் பேக்கேஜ், மூன்று நாளுக்கும்தான்" என்று சிரித்தார். அப்புறம் போனை எடுத்துத் தங்குமிடத்தின் படங்களைக் காட்டினார். ஆற்றங்கரை, மரப்பலகைத் தளம், வெள்ளை விரிப்புப் போட்ட கட்டில், பின்னால் தண்ணீரில் நீர்யானை. காட்டுக்கு உள்ளேயே இருக்கிறதாம், வெந்நீர் உண்டாம், இருபத்து நாலு மணி நேரமும் கரண்டாம். டீ கூட வரவழைத்துக் கொடுத்தார். அந்த டீக்கு மட்டும்தான் என்னிடம் காசு வாங்கவில்லை.

காலையில் வேன் வந்தது. மேற்கூரையைத் தூக்கிக்கொள்ளும் வகை, பார்க்கப் பரவாயில்லை. பையெல்லாம் ஏற்றி, ஆட்கள் உட்கார்ந்து, இன்ஜினும் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பையன் ஓடிவந்து மீதி 270ஐக் கேட்டான். வேன் பிடித்திருக்கிறதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கொடுத்தாயிற்று.

வழியில் மாய் மஹியூ என்கிற ஊருக்கு இறங்கும் இறக்கத்துக்கு முன்னால் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தினார்கள். அங்கே சக பயணிகளிடம் பேச்சுக் கொடுத்தபோதுதான் விஷயம் கசிந்தது. ஒரே வேனில் வந்தவர்கள், ஆளுக்கொரு ஏஜென்சியில் பணம் கட்டியிருக்கிறார்கள். ஒருவர் 430, இன்னொருவர் 610. கையில் இருந்த பயணத் திட்டங்களும் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. எனக்கு விற்றவருக்குச் சொந்தமாக வண்டியும் கிடையாது, கேம்ப்பும் கிடையாது. ஆள் பிடித்து, தலைக்கு இவ்வளவு என்று கைமாற்றிவிடும் புரோக்கர். சந்தையில் ஆட்டை மாற்றிவிடுவது போலத்தான் எங்களை மாற்றிவிட்டிருக்கிறார்.

நரோக் ஊரைத் தாண்டி, மாராவின் நுழைவாயில்களில் ஒன்றான செகனானி வாசல் பக்கம் போனோம். வேன் வாசலுக்குள் நுழையவே இல்லை. வெளியே கடைகளும் பாரும் இருக்கிற பகுதியில், தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக அடித்த கூடாரங்கள். ஆறும் இல்லை, நீர்யானையும் இல்லை. மேனேஜர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, "உங்கள் பெயருக்குக் குளியலறை இல்லாத கூடாரம்தான் போட்டிருக்கிறது" என்றார்.

கூடாரத்தின் ஜிப்புக்குப் பாதியில் பல் போயிருந்தது. மூடுவதற்காகத் துணியில் ஓட்டை போட்டு ஒரு ஷூ லேஸைக் கோத்து வைத்திருந்தார்கள், பழுப்பு நிற லேஸ். உள்ளே இருந்து கட்டினால் ராத்திரி வெளியே போக இருட்டில் முடிச்சை அவிழ்க்க வேண்டும். கொசுவலையில் கை நுழைகிற ஓட்டை. அதைச் சுருட்டி முடிச்சுப் போட்டிருந்ததில், முடிச்சு சரியாக என் மூக்குக்கு நேரே தொங்கியது. மாரா கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிற இடம், ராத்திரியில் நன்றாகவே குளிரும். கொடுத்தது ஒரே ஒரு கம்பளி, அதுவும் காலை மூடினால் நெஞ்சுக்குப் பத்தாது. இருபத்து நாலு மணி நேரக் கரண்ட் என்றது ஜெனரேட்டர். இருட்டியதும் போட்டு ஒன்பதரைக்கெல்லாம் நிறுத்திவிட்டார்கள். சார்ஜ் போடச் சாப்பாட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வெந்நீர் விறகு பாய்லரில் வருமாம். என் முறை வந்தபோது குழாயில் வந்தது துரு நிறத்தில் குளிர்ந்த தண்ணீர்.

மலிவு என்றால் மலிவாகத்தான் இருக்கும், தெரியாதா என்று கேட்பவர்களுக்கு: ஹாஸ்டலிலும் ரயில் நிலையத்திலும் படுத்துப் பழகியவன் நான். கூடாரம் மோசம் என்பது இரண்டாவது விஷயம். வேறு எவனுடைய கேம்ப்பின் படத்தையோ காட்டிப் பணம் வாங்கினாரே, அதுதான் ஆறவில்லை.

சஃபாரியிலும் கை வைத்துவிட்டார்கள். முதல் நாள் 'மாலை சஃபாரி' என்பது வாசலுக்கு வெளியே மேய்ச்சல் நிலத்தில் ஒரு சுற்று. அந்தப் பக்கத்து மேய்ப்பர்களான மசாய்க்காரர்களின் மாடு, ஆடு, தூரத்தில் கொஞ்சம் வரிக்குதிரை. எப்போது உள்ளே போவோம் என்று கேட்டதற்கு டிரைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "எனக்கு ஒரு நாள் டிக்கெட்டுக்குத்தான் பணம் கொடுத்திருக்கிறார்கள்." அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த டிக்கெட் காலை 6 மணியிலிருந்து மாலை 6 வரை, 12 மணி நேரம்தான் செல்லும். வெளியே தங்கினால், உள்ளே போகும் ஒவ்வொரு நாளுக்கும் புது டிக்கெட். அப்படியானால் என்னிடம் வாங்கிய மூன்று நாள் கட்டணத்தில் 200 டாலர் யார் பைக்குப் போனது?

நடுவில் உள்ளே போன அந்த ஒரு நாள் நன்றாகத்தான் இருந்தது. குட்டிகளோடு பெண் சிங்கம், வேனுக்கு அவ்வளவு பக்கத்தில். அதைக் குறை சொல்ல மாட்டேன். மறுநாள் காலை சஃபாரிக்குப் பதிலாக மசாய் கிராமத்துக்குக் கூட்டிப்போய், தலைக்கு 20 டாலர் தனியாக என்றார்கள். நான் வேனை விட்டு இறங்கவில்லை.

முதல் ராத்திரியே ஏஜென்சி ஆளுக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "போலே சானா (ரொம்ப வருந்துகிறேன்) பிரதர், நாளைக்கே கேம்ப்பை மாற்றித் தருகிறேன்." மறுநாள் கேட்டால், மேனேஜரிடம் பேசுங்கள். மேனேஜரிடம் போனால், புக் பண்ணியவரிடம் பேசுங்கள். அப்புறம் ஒரு ராத்திரிக்கு 40 டாலர் கூடக் கொடுத்தால் நல்ல கூடாரம் இருக்கிறது என்று செய்தி. அதற்கு மேல் நீல டிக் மட்டும்தான்.

இன்று காலை நேரே ஆபீசுக்கே போனேன். அவர் மொம்பாசா போயிருக்கிறாராம். மேசையில் இருந்த பெண் ரசீதை வாங்கி நிதானமாகப் படித்துவிட்டு, "இதில் மூன்று நாள் என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்றார். படம் வெறும் மாதிரிக்காம். கடைசியில் 30 டாலர் தருகிறோம், இணையத்தில் அஞ்சு நட்சத்திரம் போட்டுவிடுங்கள் என்றார். 540 வாங்கிக்கொண்டு 30! ரசீதை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். கொடுத்தது எல்லாம் ரொக்கம் என்பதால் கார்டு கம்பெனியிடம் முறையிடவும் வழியில்லை.

போகிறவர்களுக்கு விவரமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், இப்போது இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. கட்டணம் எத்தனை நாளுக்கு என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள். கேம்ப்பின் பெயரைக் கேளுங்கள், 'மாராவில்' என்றால் எந்த வாசல், உள்ளேயா வெளியேயா என்று கேளுங்கள், அந்தக் கேம்ப்புக்கே நேரடியாகப் பேசி உங்கள் பெயரில் என்ன அறை என்று பாருங்கள். வண்டி யாருடையது என்று கேளுங்கள். 'கேட்டோ' (KATO) என்கிற கென்யச் சுற்றுலா நடத்துநர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள், சுவரில் மாட்டிய சான்றிதழை நம்பாதீர்கள். தனி ஆளின் எம்பெசா (போனில் பணம் அனுப்பும் சேவை) எண்ணுக்குப் பணம் போடாதீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மொம்பாசா போனவரிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. அடுத்து அம்போசெலி என்கிற இன்னொரு வனவிலங்குப் பூங்காவுக்குப் போவதாக இருந்தால் எனக்கு மட்டும் பத்து சதவீதம் தள்ளுபடியாம்.