விருந்துப் பிரியாணிக்குச் சீரகச் சம்பாவா, பாசுமதியா?

வீட்டு விருந்துக்கு ஆட்களை அழைத்துவிட்டு, மளிகைக் கடையில் எந்த அரிசியை வாங்குவதென்று தயங்குவோர் பலர்.

சுவை: திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிகளுக்குரிய சீரகச் சம்பா, பொடிமணி என்பதால் மசாலாவையும் கறிச்சாற்றையும் நன்றாக இழுத்துக்கொள்ளும், என் வாக்கு இதற்கே. பாசுமதியோ தன் மணத்தைத் தனியே காட்டும். ஐதராபாத் முறையில் அடுக்கித் தம் போட அதுவே ஏற்றது.

பக்குவம்: சீரகச் சம்பாவில் தண்ணீர் சற்றுக் கூடினாலும் குழைந்துவிடும், தம்மைத் திறந்த உடனே கிளறினால் உடைந்தும் போகும். பாசுமதியை அரை மணி நேரம் ஊறவைத்து, முக்கால் பதத்தில் வடித்துவிட்டால் பிழைக்கு இடம் குறைவு.

தோற்றம்: இதில் என் வாக்கு பாசுமதிக்கே.

கைப்பழக்கம் உள்ளவர்கள், ஆட்டுக்கறி சமைத்துச் சூட்டோடு பரிமாறுவதாக இருந்தால் சீரகச் சம்பாவை வாங்கலாம். முதன்முறை சமைப்பவர்களுக்குப் பாசுமதியே பொருந்தும். ஆனால் பழைய அரிசியாகக் கேட்டு வாங்க வேண்டும், புதியது ஒட்டிக்கொள்ளும்.