கொட்டகலையிலிருந்து மாலபேக்கு ஒரு வேன்

கொழும்புக்குக் கிட்ட இருக்கிற மாலபே, ஹோமாகம பக்கம் படிக்கிற அல்லது வேலை பார்க்கிற பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வேனை நம்பி அனுப்பலாம். வேனுக்குப் பெயர்ப் பலகை எதுவும் கிடையாது. கொட்டகலை கடைவீதியில் மாலபே வேன் என்று கேட்டால் போதும், நிற்கிற இடத்தைக் காட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பகல் இரண்டு மணிக்குக் கிளம்பும். ஹட்டனில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கினிகத்தேனை, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று இறங்கி ஹோமாகமவுக்குப் போகும். பிட்டிபனவில் கொஞ்சம் பேரை இறக்கிவிட்டு, அத்துருகிரிய வழியாக மாலபேயில் முடியும். வெள்ளிக்கிழமை மாலை அதே பாதையில் மேலே வரும். ஒரு வழிக்கு 1,500 ரூபாய்.

நான் பாடசாலையில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறேன். மூத்த மகள் மாலபேயில் படித்து முடித்து அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், சின்னவள் இப்போது படிக்கிறாள். என்னிடம் படித்த பிள்ளைகளும் வருசா வருசம் அந்தப் பக்கம் போகிறார்கள். அவர்களின் அம்மா அப்பாமார் என்னிடம் முதலில் கேட்பது பாடத்தைப் பற்றியில்லை, "டீச்சர், புள்ள எப்படிப் போய்ச் சேரும்?" என்பதைத்தான். அதனால்தான் விபரமாக எழுதுகிறேன்.

1,500 ரூபாய் என்றதும் யோசிப்பீர்கள். யோசிக்க வேண்டியதுதான். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில், ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்தாலும் அடிப்படைச் சம்பளம் இந்த வேனில் ஒரு வழிப் பயணத்துக்குப் பத்தியிருக்காது. பஸ்ஸில் இதைவிடக் குறைவாகப் போகலாம். ஆனால் பஸ் கொண்டுபோய் விடுவது கொழும்பு நகரத்துக்குள்ளே, புறக்கோட்டையில். அங்கிருந்து மாலபேக்கு மறுபடி இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், 190ஆம் இலக்க பஸ்ஸோ வேறெதுவோ. ஹோமாகம என்றால் 138. ஞாயிறு இரவு, கையில் ஒரு பை, தோளில் ஒரு பை, லெப்டொப் வேறு. பத்தொன்பது வயதுப் பெண் பிள்ளை புறக்கோட்டையில் அந்த நேரத்தில் நிற்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது. மூத்தவள் படித்த காலத்தில் அப்படித்தான் நின்றாள். வாடகைக்குத் தங்கியிருந்த போடிங் வீட்டுக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கோல் எடுக்கும் வரைக்கும் நான் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்திருப்பேன்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நம்முடைய ஏ7 வீதி அவிசாவளையில் ஏ4 வீதியோடு சேர்கிறது. அங்கிருந்து கொழும்பை நோக்கிப் போனால் நடுவழியில் ஹோமாகம. மலையிலிருந்து இறங்குகிற நமக்குக் கொழும்புக்கு முன்னாலேயே அந்த ஊர்கள் வந்துவிடுகின்றன. வந்த ஊரைத் தாண்டி நகரத்துக்குள்ளே போய், நெரிசலில் கிடந்து, மறுபடி அதே பக்கம் திரும்பி வர வேண்டிய கட்டாயம் நம் பிள்ளைகளுக்கு ஏன்? இந்த வேன் அந்தச் சுற்றை அடியோடு இல்லாமல் செய்கிறது. நான் கொடுக்கிற 1,500 ரூபாயும் அதற்குத்தான்.

ஏன் இப்படியொரு நிலைமை என்பது மாலபே வளர்ந்த கதையோடு சேர்ந்தது. 1982 இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போனது. அதன் பின்னால் அரசாங்க அலுவலகங்கள் பத்தரமுல்லைப் பக்கம் நகர்ந்தன. அதற்கு அடுத்த ஊர் மாலபே. வயலும் தென்னையும் ரப்பருமாக இருந்த பக்கம், காணி கிடைக்கிற இடம். 1996 இல் தொடங்கிய மில்லேனியம் ஐடி என்ற மென்பொருள் கம்பனி அங்கே தன் வளாகத்தை அமைத்தது. 1999 இல் ஆரம்பமான ஸ்லிட் என்ற தகவல் தொழில்நுட்பக் கல்வி நிறுவகமும் அங்கே பெரிய வளாகம் கட்டியது. கப்பல் துறைப் படிப்புக்குப் பெயர்போன சினெக்கும் அங்கேதான் இருக்கிறது. பிறகு என்ன, ஒரு கெம்பஸைப் பார்த்து இன்னொரு கெம்பஸ், கெம்பஸைப் பார்த்துக் கம்பனி, இரண்டையும் பார்த்துப் போடிங் வீடுகள். மாடி கட்டாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

மில்லேனியம் ஐடியின் கதையை நான் வகுப்பில் தவறாமல் சொல்வேன். பங்குச் சந்தையில் ஒருவர் இந்த விலைக்கு வாங்குகிறேன் என்பார், இன்னொருவர் இந்த விலைக்கு விற்கிறேன் என்பார். இரண்டு பேரையும் விலையாலும் வந்த நேரத்தாலும் வரிசைப்படுத்தி, பொருந்துகிற ஜோடியைக் கண் இமைப்பதற்குள் சேர்த்துவிட வேண்டும். அதைச் செய்கிற மென்பொருளை எழுதியது இந்தக் கம்பனி. 2009 இல் லண்டன் பங்குச் சந்தைக் குழுமம் கம்பனியையே வாங்கிவிட்டது. 2011 இல் லண்டனின் பங்கு வர்த்தகம் அந்த மென்பொருளுக்கு மாறியது. நம் மலையில் பறித்த தேயிலைக்கு லண்டன் ஏலத்தில் விலை வைத்த காலம் ஒன்று இருந்தது. அதே லண்டனின் சந்தை ஓடுகிற மென்பொருளில், ஹட்டனிலிருந்து நாலைந்து மணி நேரத் தூரத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லும்போது கடைசி வாங்கில் இருக்கிற பையனும் நிமிர்ந்து உட்காருவான். அந்த ஒரு நிமிடத்துக்காகவே ஒவ்வொரு வருசமும் சொல்கிறேன்.

ஹோமாகமவின் கதை வேறு. மாலபே பெரும்பாலும் காணி பார்த்து வந்தவர்களால் வளர்ந்தது, ஹோமாகமவில் அரசாங்கத்தின் திட்டம் கூடுதலாகத் தெரியும். 2008 இல் தொடங்கிய ஸ்லின்டெக் என்ற நனோ தொழில்நுட்ப நிறுவகம் பிட்டிபனவில் இருக்கிறது. 2016 இல் என்எஸ்பிஎம் பசுமைப் பல்கலைக்கழக வளாகம் திறந்தார்கள். ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடமும் அங்கேதான். மேல் மாகாண மெகாபொலிஸ் திட்டத்தில் அந்தப் பகுதியைத் தொழில்நுட்ப நகரம் என்றே குறித்தார்கள். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்கிற நம் பிள்ளைகளுக்கு அந்த பீடம் முக்கியமான இடம். இலவசக் கல்வி, உயர்தரப் பரீட்சையில் தேவையான இசட் புள்ளி கிடைத்தால் போதும். கட்டணம் கட்டிப் படிக்கிற இடங்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம், இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவு கட்டினார்கள், ஆட்கள் வந்து போகிற வழியைப் பற்றி யோசித்தார்களா? ஹோமாகமவிலாவது களனிவெளி ரயில் இருக்கிறது. 1902 இல் அவிசாவளை வரைக்கும் போட்ட பாதை, தோட்டங்களின் சரக்குக்காகப் போட்ட குறுகிய பாதை. 1990களில்தான் அகலமாக்கினார்கள். வளைந்து வளைந்து மெதுவாகத்தான் போகும், இருந்தாலும் ரயில். மாலபேக்கு அதுவும் இல்லை. கொழும்பு கோட்டையிலிருந்து மாலபேக்கு இலகு ரயில் போட 2019 இல் ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு கடன் ஒப்பந்தம் செய்தார்கள். 15.7 கிலோமீற்றர், 16 நிலையங்கள். 2020 செப்டெம்பரில் அரசாங்கம் அதை நிறுத்திவிட்டது. அந்தச் செய்தியை வாசித்த நாள் எனக்கு உண்மையாகவே மனம் விட்டுப்போனது. ஹட்டனில் ஏறிக் கோட்டையில் இறங்கி, அப்படியே அடுத்த ரயிலில் ஏறி மாலபேக்குப் போயிருப்பார்கள் நம் பிள்ளைகள். 2014 இல் கொட்டாவையிலிருந்து கடுவெல வரைக்கும் அதிவேகப் பாதை திறந்தது, அத்துருகிரியவில் இறங்கலாம். அது கார் வைத்திருப்பவர்களுக்கு.

சரி, வேனுக்கு வருகிறேன். டொயோட்டா கேடிஎச், கூரை உயர்ந்த ஹைரூஃப் வகை. பழைய வண்டிதான், ஆனால் டயரை நான் பார்க்காமல் ஏற்றுவதில்லை, இதுவரை வழுக்கையான டயர் ஒன்றைக் கண்டதில்லை. டிரைவர் தம்பி தலவாக்கலைப் பக்கம். கினிகத்தேனைக்குக் கீழே இருக்கிற வளைவுகளில் அவர் ஓட்டுவதைப் பக்கத்து சீட்டில் இருந்து கவனித்திருக்கிறேன். மூடுபனி இறங்கினால் முந்தப் பார்ப்பதில்லை, முன்னால் லொறி போனால் லொறிக்குப் பின்னால்தான். பிந்திப் போனாலும் பரவாயில்லை என்று அவரே சொல்வார். அந்தப் பாதையில் எனக்கு அது ஒன்றே பெரிய நிம்மதி.

உதவிக்கு வருகிற பையன் தடித்த அட்டை போட்ட ஒரு சீஆர் கொப்பி வைத்திருக்கிறான். ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் நேரே இறங்கும் இடம், போடிங் வீட்டு அடையாளம், நம் வீட்டு ஃபோன் நம்பர். இறக்கியதும் பச்சைப் பேனையால் ஒரு சரி போட்டு, வீட்டுக்கு ஒரு மிஸ்ட் கோல். பிள்ளையின் ஃபோனில் சார்ஜ் இல்லாவிட்டால் பேசியே சொல்லிவிடுவான். "டீச்சர், புள்ளைய எறக்கிட்டேன், கேட்ட பூட்டுற வரைக்கும் நின்னேன்." மாலபே போடிங்குகள் பாதி, பெரிய வீதியிலிருந்து உள்ளே போகிற ஒழுங்கைகளில் இருக்கின்றன, விளக்கு குறைவு. வேன் உள்ளே போய்த் திரும்ப முடியாத ஒழுங்கை என்றால் பையன் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு கூடவே நடக்கிறான். பெண் பிள்ளைகள் அவனை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவனும் அந்தப் பேச்சுக்கு ஏற்ற மாதிரித்தான் நடக்கிறான்.

கித்துல்கலயில் ஆற்றோரமாக ஒரு கடையில் நிறுத்துகிறார்கள். பிளேன்டீ, ரொட்டி, கட்டைச் சம்பல். சாப்பாட்டுக்காகத் தேர்ந்த கடையில்லை, கழிவறை சுத்தமாக இருப்பதால் தேர்ந்தது. ரொட்டி கொஞ்சம் தடிப்பு. பிள்ளைகள் எப்படியும் வீட்டுப் பொதியைப் பிரித்துவிடுவார்கள். சாமான் விடயத்திலும் தாராளம்தான், லீக்ஸும் கரட்டும் ஒரு பை, தேங்காய் நாலு, தலையணை எல்லாம் ஏறும். மேலே கட்டுவதற்கு முன் கறுப்பு ரெட்டு, அதாவது தார்ப்பாய், போட்டு மூடிக் கட்டுகிறார்கள், மழையில் நனைந்து வந்த புத்தகத்தை நான் பார்த்ததில்லை.

குறை இல்லாமலா? கடைசி வரிசை மோசம். உயரமான பையன்களுக்கு முழங்கால் இடிக்கும், அதைவிட முக்கியம், அந்த வரிசையில் சீட் பெல்ட் இல்லை. மற்ற வரிசைகளில் இருக்கிறது. இதை டிரைவர் தம்பியிடம் நேரில் சொன்னேன், பூட்டித் தருகிறேன் என்றார், இன்னும் பூட்டவில்லை. பூட்டும் வரைக்கும் என் மகளைக் கடைசி வரிசையில் உட்கார வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன். வெள்ளிக்கிழமை மேலே வரும்போது ஏற்றத்தில் ஏசியை நிறுத்திவிடுகிறார்கள். முதலில் கொஞ்ச நேரம் வேர்த்துக் கொட்டும், மேலே ஏற ஏற நம் குளிர் வந்து சரியாகிவிடும். மாலபேயில் வெள்ளி மாலை எல்லோரும் வந்து சேர்வதற்குள் நேரம் போய்விடுகிறது, அலுவலகம் விட்டு வருகிற ஒருவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கும். கொட்டகலைக்கு வந்து சேர நள்ளிரவு தாண்டுகிற நாட்களும் உண்டு. பாட்டுச் சத்தம் கூட என்று சொன்னால் குறைக்கிறார்கள்.

மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடினால் வேன் போகாது. முன்கூட்டியே கோல் எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள், வாங்கிய காசையும் திருப்பித் தருகிறார்கள். எனக்கு ஒரு முறை அப்படித் தந்தார்கள்.

காசைப் பற்றி இன்னொன்று. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பையன் ஹோமாகமவில் படிக்கிறான், அம்மா மட்டும்தான் வேலைக்குப் போகிறார். அவனிடம் ஒவ்வொரு முறையும் காசு கேட்பதில்லை, சம்பளம் போடுகிற 10ஆம் திகதிக்குப் பிறகு அம்மா கொண்டுவந்து கொடுக்கிறார். கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் இருக்கிறது. கேட்க வெட்கப்பட்டுப் பிள்ளையைப் புறக்கோட்டைக்கு அனுப்ப வேண்டாம், நேரே டிரைவரிடம் பேசுங்கள். நான் கேட்டுப் பார்த்தேன், இன்னும் இரண்டு மூன்று பேருக்கு அப்படிச் செய்யலாம் என்றார்.

தினமும் போய் வரவோ கொழும்பு நகரத்துக்குள் போகவோ இது சரிவராது, நகரத்துக்குப் பஸ்ஸும் ரயிலும்தான் நல்லது. மாலபே, அத்துருகிரிய, ஹோமாகம, பிட்டிபன ஆட்களுக்கு மட்டும். சீட்டுக்குப் புதன்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். புது வகுப்புகள் தொடங்குகிற மாதங்களிலும் பொங்கல், தீபாவளிக்கு முந்திய வெள்ளியிலும் திங்கட்கிழமையே நிரம்பிவிடும். முதல் தடவை அனுப்புகிறவர்கள் போடிங் வீட்டுக்கார அம்மாவின் நம்பரையும் கொப்பியில் எழுதிக் கொடுங்கள், ஒழுங்கையைக் கண்டுபிடிக்க அது உதவும். நடு வரிசையில் ஜன்னல் பக்கம் கேட்டு வாங்குங்கள், வளைவுகளில் வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.