ஈ-டில் அகராதி: ஒரு ஜன்னலை வைத்துப் பார்த்தால்

பழைய ஐரிஷ் சொல் எதையும் தேட முதலில் போக வேண்டிய இடம் ஈ-டில். ராயல் ஐரிஷ் அகாடமி 1913 முதல் 1976 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட பேரகராதியின் மின்வடிவம் இது. கட்டணம் இல்லை. சுமார் 700 முதல் 1700 வரையிலான ஏடுகளின் மேற்கோள்களோடு பொருள் தருகிறது. முதல் பகுதியைப் பதிப்பித்த கார்ல் மார்ஸ்ட்ராண்டர் நார்வேக்காரர்; வைக்கிங்குகள் ஐரிஷில் விட்டுப்போன சொற்களை ஆராய்ந்தவரும்கூட.

ஐரிஷில் ஜன்னல் 'ஃபின்யோக்'. வைக்கிங்குகளின் மொழியான நார்ஸில் மூலம் 'விண்டவ்கா': காற்று + கண். (சிலப்பதிகாரம் ஜன்னலைச் சொல்லும் 'மான்கண் காலதர்' நினைவுக்கு வராமல் போகாது. 'கால்' என்றால் காற்று; ஆக அங்கும் காற்று, அங்கும் கண்.) லத்தீனிலிருந்து முன்பே வந்திருந்த 'செனிஸ்டிர்' இதனிடம் தோற்றுப்போனது.

அகராதி மூலத்தைச் சொல்லி நிறுத்திக்கொள்ளும். இலக்கணத்தை நாம்தான் கோக்க வேண்டும். 'விண்டவ்கா' அலிப்பால், அதாவது ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத மூன்றாவது இலக்கணப் பால். கடன் வாங்கிய காலத்தில் ஐரிஷில் அலிப்பால் மறைந்துகொண்டிருந்தது. ஈறு, பெண்பால் விகுதியான 'ஓக்' போல ஒலித்ததால் சொல் பெண்பாலானது. 'பாபோக்' (பொம்மை) போன்றவற்றோடு சேர்ந்துகொண்டது. சந்தையைக் குறிக்கும் நார்ஸ் சொல் 'மார்கதர்' அங்கேயும் ஆண்பால், கடனாக வந்த ஐரிஷிலும் ஆண்பால். அதில் சிக்கலே இல்லை.

முதலெழுத்தைக் கவனியுங்கள். ஐரிஷில் அடிப்படைச் சொல் வகர ஒலியில் தொடங்காது. அதனால் எஃப் வந்து நின்றது. 'அந்த ஜன்னல்' என்றால் எஃப் மென்மையாகி ஒலியே இழக்கும்: 'அன் இன்யோக்'. ஸ்காட்லாந்து கேலிக்கிலோ எஃப் இல்லாத வடிவமே நிலைத்துவிட்டது. 'ஜன்னல்களின்' என்ற ஆறாம் வேற்றுமைப் பன்மையில் எஃப் மறைக்கப்பட்டு 'ந வின்யோக்' ஆகும். வைக்கிங் உச்சரித்த வகரம் அங்கே மறுபடி காதில் விழுகிறது!

குறைகள் உண்டு. இன்றைய எழுத்துக்கூட்டலில் தேடினால் பல சொற்கள் அகப்படாது. தலைச்சொற்கள் பழைய எழுத்தமைப்பில் இருக்கின்றன. 'சந்தை'க்கான ஐரிஷ் சொல்லை இன்று 'டிஹெச்' போட்டு முடிப்பார்கள். தேடும்போது அந்த ஹெச்சை விட்டுவிட்டு டி மட்டும் போடுங்கள். நெட்டெழுத்துக் குறியின் இடமும் மாறும். பகுதிகள் பல பத்தாண்டுகளில் பல கைகளில் உருவானதால் விரிவும் ஒரே சீராக இல்லை. 1913இல் வந்த டி எழுத்துப் பகுதி நிதானமாக விரிகிறது; வேறு சில இடங்களில் மேற்கோள்களை அடுக்கியதோடு சரி.

உச்சரிப்பும் இன்றைய வேற்றுமை வடிவங்களும் இதில் கிடைக்காது. அதற்குப் பக்கத்திலேயே இன்றைய ஐரிஷுக்கான டியாங்லன் அகராதித் தளத்தைத் திறந்து வையுங்கள். மூன்று வட்டார ஒலிப்பதிவுகளும் இலக்கண அட்டவணையும் அங்கே இருக்கின்றன. ஆனால் சொற்பிறப்பு அங்கே இல்லை. நார்ஸ் பக்கத்தைச் சரிபார்க்க 1874இல் வந்த கிளீஸ்பி–விக்ஃபுசன் அகராதியும் இணையத்தில் இலவசம்.