பாட்டிக்கு வாங்குன எக்கோ ஷோ 8

கும்பகோணத்துல தனியா இருக்குற எங்க பாட்டிக்காக வாங்குனது இது, வீடியோ கால் பேச ஸ்கிரீனும் கேமராவும் வச்ச அமேசானோட ஸ்மார்ட் ஸ்பீக்கர். போன்ல அந்த பச்சை பட்டனை தள்ளி எடுக்குறதுக்குள்ள ரிங் கட்டாயிடும் அவங்களுக்கு, விரல்ல நடுக்கம் வேற. இதுல ட்ராப் இன்னு ஒண்ணு இருக்கு, நாம பர்மிஷன் குடுத்து வச்ச ஆளுங்க கூப்பிட்டா பாட்டி எதையும் தொடவே வேணாம் தானா கனெக்ட் ஆயிடும், இது ஒண்ணுக்காகவே தாராளமா வாங்கலாம்ங்க. 8 இன்ச் ஸ்கிரீன்ல டொராண்டோ கொள்ளுப்பேத்தி முகம் நல்லா பெருசா தெரியுது, கீரை ஆய்ஞ்சுகிட்டே பேசுறாங்க. ஆனா பெரியவங்க கிட்ட கேக்காம ட்ராப் இன் ஆன் பண்ணி வைக்காதீங்க, அவங்களுக்கும் பிரைவசி உண்டுல்ல, கேமராவ மூடுற ஷட்டர் மேலயே இருக்கு, காட்டிக் குடுங்க. பேட்டரி கிடையாது, அதனால வைஃபை ரவுட்டரையும் சேத்து இன்வெர்ட்டர் லைன்ல போட்டுடுங்க.