கார்டு பாக்கிக்கு எத்தனை ரூபாய் வட்டி? நகைக்கடன், பர்சனல் லோன், கார்டு இஎம்ஐ: ஓர் அலசல்

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாரிடமாவது "வருடத்துக்கு 42 சதவீத வட்டி" என்று சொல்லிப் பாருங்கள், தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். "மூன்றரை ரூபாய் வட்டி" என்றால்தான் "யார்கிட்ட வாங்கின?" என்று கேட்பார்கள். நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் நம் ஊர்க் கணக்கு. அதிலேயே பார்த்துவிடலாம்.

என் மனைவியின் தம்பிக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. கிரெடிட் கார்டில் 1 லட்சம் பாக்கி. கேட்டால், "மாசாமாசம் மினிமம் கட்டிட்டுத்தான மாமா இருக்கேன்" என்றான். உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். மாதம் மூன்றரை சதவீதம் என்றால் வட்டி 3,500. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630. ஆக 4,130, அதாவது நான்கு ரூபாய்க்கும் மேலே வட்டி. மினிமம், அதாவது மாதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை, பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்தால் கட்டுவது 5,000, அசலில் குறைவது 870. கார்டைத் தொடாமல் ஒரு வருடம் இப்படியே கட்டினாலும், கையிலிருந்து போனது சுமார் 57,000, பாக்கி இன்னும் 90,000. தொட்டாலோ இன்னும் மோசம். பழைய பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாத நாட்கள் கிடையாது. பெட்ரோல் போட்ட அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

அப்புறம் மாற்று வழிகள். அதே கார்டில் பாக்கியை இஎம்ஐயாக மாற்றுவது எல்லாவற்றையும்விடச் சுலபம், ஆப்பிலேயே முடிந்துவிடும். ஆனால் 16 சதவீதம் என்று காட்டினால் அதை அப்படியே நம்ப வேண்டாம். கார்டு வட்டிக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால் கணக்கு ஒன்றரை ரூபாயைத் தாண்டும். சாதாரண வங்கிக் கடனின் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. இந்த ஒரு வித்தியாசத்தைப் பலர் கவனிப்பதே இல்லை.

பர்சனல் லோன் 14 சதவீதத்தில் கிடைத்தால், ஒரு ரூபாய் பதினேழு பைசா வட்டி. 1 லட்சத்துக்கு 24 மாதம், தவணை சுமார் 4,800. மினிமம் என்று அவன் கட்டிய 5,000-ஐவிடக் குறைவு, ஆனால் இரண்டே வருடத்தில் கடன் தீர்ந்துவிடும்! மொத்த வட்டி 15,000 சொச்சம். ப்ராசஸிங் ஃபீஸ் தனி. சம்பளச் சீட்டும், கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் ஸ்கோர் ஓரளவு நன்றாகவும் வேண்டும். மினிமத்தையே தவறவிட்டு மூன்று மாதம் ஆனபின் போய்க் கேட்டால் கிடைப்பது கஷ்டம்.

வட்டியை மட்டும் பார்த்தால் ஜெயிப்பது வங்கி நகைக்கடன்தான். 80 பைசா சுற்றில் முடியும், ஸ்கோரைப் பெரிதாகப் பார்க்க மாட்டார்கள். தனியார் ஃபைனான்ஸில் சீக்கிரம் பணம் தருவார்கள், ஆனால் வட்டி கட்டத் தாமதமானால் விகிதம் ஏறும் திட்டங்கள் உண்டு. அதைக் கேட்டுக்கொண்டுதான் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு இதில் வேறொரு பயம். பெரும்பாலும் ஒரு வருடக் கடன் இது, மாதத் தவணை இருக்காது. வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்து, திருப்பி வைத்து, நகை வீட்டுக்கே வராமல் போன கதை எங்கள் தெருவிலேயே இருக்கிறது.

அதனால் வட்டியோடு, கைக்குக் காசு எப்போது வருகிறது என்பதையும் பார்க்கச் சொல்வேன். போச்சம்பள்ளியில் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு சீசன் முடிந்ததும் மொத்தமாகப் பணம் வரும், அவருக்கு நகைக்கடன் பொருந்தும். பாலக்கோட்டில் தக்காளி போடுபவருக்கும் அப்படித்தான் என்று சொல்ல ஆசை, ஆனால் தக்காளி விலையை நம்பி நகையை வைக்கச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மாதச் சம்பளக்காரனுக்கு, வட்டி கொஞ்சம் கூடினாலும், 5-ஆம் தேதி தானாகப் பிடித்துக்கொள்ளும் பர்சனல் லோன்தான் சரி.

செட்டில்மென்ட், அதாவது வங்கியிடம் பேசி பாக்கியில் ஒரு பகுதியை மட்டும் கட்டிக் கணக்கை முடிப்பது, வேறு வழியே இல்லாதவர்களுக்கு மட்டும். பாதியில் முடிந்ததே என்று தோன்றும், ஆனால் சிபில் அறிக்கையில் 'செட்டில்ட்' என்று பல வருடம் நிற்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது அது தெரியும். வங்கியின் கடிதம் கைக்கு வராமல் பணம் கட்டக் கூடாது. பத்து வட்டிக்கு வாங்கி கார்டை அடைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம், வருடத்துக்கு 120 சதவீதம் அது.

மச்சான் பர்சனல் லோன் எடுத்து பாக்கியை மொத்தமாக அடைத்தான். மறுநாளே கார்டில் 1 லட்சம் லிமிட் திரும்ப வந்து நின்றது. "இது இருக்கட்டும் மாமா, அவசரத்துக்கு" என்று இழுத்தான். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் வங்கி 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதைச் சொன்னதும்தான் சிரித்துக்கொண்டே மெயில் அனுப்பினான். ஆறாவது நாள் மூடிவிட்டார்கள். 500 கிடைக்கவில்லையே என்று இன்னும் வருத்தம் அவனுக்கு.