பேட்டரி, ஆல்டர்னேட்டர் இரண்டையும் மாற்றினார்கள், எர்த் கேபிளைத் தொடவே இல்லை

பனி தள்ளும் பிக்கப் லாரி. பிளேடைத் தூக்கினால் ஹெட்லைட் மங்கும். நாலைந்து தடவை தூக்கியதும் பிளேடைத் தூக்கும் மின் பம்ப் முனகிக்கொண்டு நின்றுவிடும். பட்டறையில் "பேட்டரி போச்சு" என்றார்கள். புதுசு போட்டும் தீரவில்லை, அடுத்து ஆல்டர்னேட்டர். இரண்டுக்கும் பணம் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த பனியிலேயே அதே முனகல். கழற்றிய பழைய பேட்டரியைக் கேட்டால், "அனுப்பிட்டோமே".

கோளாறு இருந்தது பம்ப் மோட்டாரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு வரும் எர்த் கேபிளில். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. லக்கை (கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோகக் காது) ஒட்டி உறையைக் கீறினால் உள்ளே செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்கிறது. சாலையில் தூவும் உப்பு கரைந்து, லக் வழியாக உறைக்குள் ஊறி ஏறியதன் வேலை.

இதைப் பிடிக்க ஒரு மல்டிமீட்டரும் ஐந்து நிமிடமும் போதும். டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலேயே வையுங்கள், அதில் மாட்டிய கிளாம்பில் வேண்டாம். மறுமுனை மோட்டாரின் எர்த் போல்ட்டில். இன்னொருவர் பிளேடைத் தூக்கட்டும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதை கெட்டிருக்கிறது. இந்த லாரியில் 2.3 காட்டியது. பாசிட்டிவ் பக்கமும், சோலனாய்டின் (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவிலும் இதே சோதனைதான். பம்ப் ஓடும்போதே அளக்க வேண்டும். அது 150, 200 ஆம்பியர் இழுக்கும். சும்மா நிற்கையில் ஓம் (மின்தடை) பார்த்தால் நாலு இழை மிஞ்சிய கேபிளும் நல்லதாகவே காட்டும். பட்டறையில் ஓம் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

பேட்டரியைக் குறை சொல்லும் முன் ஓர் இரவு ஓய்வுக்குப் பின் அளக்கச் சொல்லுங்கள்: 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி. சார்ஜ் நிறைந்த பிறகு லோடு டெஸ்ட்: லேபிளில் உள்ள சிசிஏ எண்ணில் (குளிரில் எஞ்சினைக் கிளப்ப பேட்டரி தரக்கூடிய ஆம்பியர்) பாதி ஆம்பியரை 15 விநாடி இழுத்தால், 20 டிகிரி வெப்பத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது) அதன் முழு ஆம்பியர் கிடைக்காது. பம்ப், ஹீட்டர், விளக்குகள் எல்லாம் சேர்ந்தால் பேட்டரி வடிவது இயல்பு, ஆல்டர்னேட்டர் கெட்டதாக அர்த்தமில்லை.

இன்னொன்று: டெஸ்ட் லேம்ப் ஊசியால் வயரைக் குத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்த லாரியில் மூன்று இடத்தில் ஓட்டை. அதன் வழியாகவும் உப்பு இறங்கும். இறுக மூடும் பசைத் தடவல் கொண்ட ஹீட் ஷ்ரிங்க் (சூடாக்கினால் சுருங்கும் குழாய்) போட்டு அடைத்துவிடுங்கள்.