ஊரில் இருக்கும் பிள்ளைகளுக்கு இ-சஞ்சீவனி: சிங்கப்பூரிலிருந்து சில வருஷ அனுபவம்

ஊரில் பிள்ளைகளுக்கு இ-சஞ்சீவனியை எப்படிப் பயன்படுத்துவது என்று எங்கள் டார்மில் (தொழிலாளர் விடுதியில்) பலர் கேட்டுக்கொண்டே இருப்பதால் விவரமாக எழுதிவிடுகிறேன். நான் சிங்கப்பூரில் துவாஸில் வேலை பார்க்கிறேன், மனைவியும் இரண்டு பிள்ளைகளும் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கடற்கரையோர கிராமத்தில் இருக்கிறார்கள். வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் இ-சஞ்சீவனி வசதியை ஊரடங்கு சமயத்தில், 2020 ஏப்ரலில், மத்திய அரசு தொடங்கியது. அப்போதிருந்து காய்ச்சல், சளி, வாந்திபேதி, தோலில் தடிப்பு என்று பிள்ளைகளுக்கு எது வந்தாலும் பெரும்பாலும் முதலில் அதைத்தான் பார்க்கிறோம். காசு கிடையாது. நடுவில் ஒரு தனியார் செயலியிலும் கொஞ்ச நாள் பார்த்தோம், அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வசதி நல்ல வசதி, தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எதை அளந்து சொல்கிறாரோ அதை வைத்துத்தான் டாக்டர் முடிவு செய்ய முடியும். வீடியோ எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பிள்ளையின் எடையும் மூச்சு எண்ணிக்கையும் அதில் தெரியாது.

பதிவு செய்யும்போது மனைவியின் நம்பரைக் கொடுங்கள். ஓடிபி அந்த போனுக்குத்தான் போகும், இங்கே ரோமிங் இல்லாத இந்திய சிம்மை வைத்துக்கொண்டு காத்திருந்து பலனில்லை. அதோடு, 2020 மார்ச்சில் இந்தியாவில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி சிறுவர்களுக்கு ஆலோசனை என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், அவர் யார் என்பதையும் உறுதி செய்துகொள்வார்கள். அதனால் டாக்டரிடம் பேசுவது என் மனைவிதான். நான் இன்னொரு போனில் வாட்ஸ்அப் வழியாகக் கேட்டுக்கொண்டிருப்பேன், இடையில் பேச மாட்டேன். கடைசியில் மருந்துச் சீட்டு போனிலேயே வந்துவிடும்.

வீட்டிலிருந்து அழைப்பதைவிட துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நர்சம்மா மூலமாக அதே இ-சஞ்சீவனியில் டாக்டரைப் பிடிப்பது பத்து மடங்கு மேல். சின்னவனுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது சளி முற்றி மூச்சு வாங்கியது. நர்சம்மா அவன் சட்டையைக் கழற்றி, மனைவியின் மடியில் படுக்கவைத்து, அழுகை அடங்கும்வரை பொறுத்திருந்து, வயிறு ஏறி இறங்குவதைப் பார்த்து முழுதாக ஒரு நிமிஷம் எண்ணினார். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கவில்லை, ஏனென்றால் சின்னப் பிள்ளைகளின் மூச்சு சீராக இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இதுதான்: இரண்டு மாதத்துக்குள் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40, அதைத் தொட்டாலே வேக மூச்சு. அவனுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே உள்வாங்கவும் செய்தது. திரையில் இருந்த டாக்டர் இதை இரண்டையும் கேட்டதும் வேறு எதுவும் கேட்கவில்லை, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். 108 வந்தது, பையன் பிழைத்தான். அந்த நர்சம்மாவை நான் நேரில் பார்த்ததில்லை, ஆனால் அவருக்கு என் குடும்பமே கடன்பட்டிருக்கிறது.

அந்தத் தனியார் செயலியில் பேசிய டாக்டர் எடையே கேட்காமல் "பாராசிட்டமால் அஞ்சு எம்எல் கொடுங்க" என்று சொல்லி முடித்துவிட்டார். எந்த பாட்டிலில் அஞ்சு எம்எல்? நம்மில் பலர் இங்கே முஸ்தபா கடையில் சிரப் வாங்கி ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புகிறோம், வீட்டில் ஏற்கெனவே ஊர்க்கடை மருந்தும் இருக்கும். ஒன்றில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், இன்னொன்றில் 5 மில்லிக்கு 250, கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரே மில்லியில் 100. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால் 12 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம். அது முதல் பாட்டிலில் ஏழரை மில்லி, இரண்டாவதில் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல், சொட்டு மருந்தில் இரண்டு மில்லிகூட இல்லை. ஆகவே டாக்டரிடம் மில்லிகிராம் கணக்கில் கேளுங்கள், பாட்டில் லேபிளை கேமராவில் காட்டுங்கள், ஸ்பூனை விட்டுவிட்டு சிரிஞ்சில் அளந்து கொடுக்கச் சொல்லுங்கள். எடைக்கு மாதாமாதம் அங்கன்வாடியில் நிறுத்துப் போடுவதே போதும்.

வயிற்றுப்போக்குக்கு இந்த வசதி ரொம்பவே உதவியது, முக்கியமாக மறுநாள் திரும்ப அழைத்துக் கேட்க முடிந்ததால். ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் (உப்பு சர்க்கரைக் கரைசல்) பாக்கெட்டைப் பாதி பாதியாக டம்ளரில் கரைக்கக் கூடாது, முழுசாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும் என்பதையும், போக்கு நின்ற பிறகும் துத்தநாக மாத்திரையை நிறுத்தாமல் 14 நாள் கொடுக்க வேண்டும் என்பதையும் மனைவி அப்படித்தான் தெரிந்துகொண்டாள். காதுவலிக்கு மட்டும் பிரயோஜனமில்லை, காதுக்குள் யாராவது நேரில் பார்த்தால்தான் உண்டு. தோல் தடிப்பைப் பகல் வெளிச்சத்தில் வாசலில் வைத்துக் காட்டுங்கள், டியூப்லைட்டில் நிறமே மாறித் தெரிகிறது.

பிள்ளை குடிக்கவோ பால் உறிஞ்சவோ முடியாமல் கிடந்தால், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தால், வலிப்பு வந்தால், எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தால் செயலியைத் திறக்கவே வேண்டாம், நேராக 108. இரண்டு மாதத்துக்குள்ளான குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் அப்படித்தான். டோக்கன் போட்டுக் காத்திருக்கும் நேரம் அது இல்லை.

இங்கே சிங்கப்பூரில் குடும்பத்தோடு இருக்கிற நண்பர்களுக்கு நடுராத்திரியில்கூட கேகே மருத்துவமனையின் அவசரப் பிரிவு இருக்கிறது, வீடியோவில் டாக்டர் என்பது அவர்களுக்குக் கூடுதல் சௌகரியம். நமக்கும் 2022 ஏப்ரலில் வந்த தொழிலாளர் மருத்துவத் திட்டத்திலேயே தொலைமருத்துவம் சேர்ந்துதான் இருக்கிறது. ஊரில் நிலைமை வேறு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை விட்டுப் போகலாமா வேண்டாமா என்பதையே அந்த அழைப்புதான் முடிவு செய்கிறது. அதனால்தான் நர்ஸ் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஊர்களை நினைத்தால் வயிறு எரிகிறது. டாக்டரோடு பேசும் டேப்லெட் கணினியைக் கொடுத்துவிட்டு ஆளைக் கொடுக்காவிட்டால் மூச்சை யார் எண்ணுவது? உங்கள் ஊரில் அப்படி இருந்தால் வீட்டில் உள்ளவர்களை அடுத்த கிராம சபையில் எழுந்து கேட்கச் சொல்லுங்கள், தீர்மானத்தில் எழுத வைக்கச் சொல்லுங்கள்.